வருமானம் ஏற ஏற உணவுத் தேவை எப்படி மாறுகிறது: குடும்பத் தரவை வைத்துக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

வருமானம் கூடினால் மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எந்த உணவுக்கு, எந்த வருமான அடுக்கில், எவ்வளவு குறைகிறது என்று கேட்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்.

புதிதாக வருபவர்கள் தரவு கிடைத்ததும் நேராக ரிக்ரெஷனுக்கு, அதாவது தரவுக்குச் சமன்பாடு பொருத்தும் வேலைக்கு, போய்விடுகிறார்கள். ஆனால் தவறுகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே, அலகு மாற்றுவதிலும் கால அளவைச் சமப்படுத்துவதிலும் நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஏறக்குறைய பாதி முன்தயாரிப்புதான்.

கீழே உதாரணமாக வரும் தொகைகள் எல்லாம் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. எந்த நாட்டின் புள்ளிவிவரமும் அல்ல.

1. எதை அளக்கிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

‘உணவுத் தேவை’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு அளவுகள் இருக்கின்றன. மொத்தச் செலவில் உணவின் பங்கு, உணவுக்குச் செலவிடும் தொகை, வாங்கும் அளவு அதாவது கிலோ அல்லது லிட்டர், உடலுக்குக் கிடைக்கும் கலோரி.

வருமானத்துக்கு இவை நான்கும் வெவ்வேறு வேகத்தில் அசைகின்றன. ஒரே தரவில் செலவின் நெகிழ்ச்சி 0.67 ஆகவும் கலோரியின் நெகிழ்ச்சி 0.13 ஆகவும் வரலாம். இரண்டும் சரியே. தானியக் கொள்முதலைத் திட்டமிடுபவருக்கு அளவு வேண்டும், உணவு வணிகத்தின் வளர்ச்சியைக் கணிப்பவருக்குத் தொகை வேண்டும், ஊட்டச்சத்துத் திட்டத்துக்குக் கலோரி வேண்டும்.

நெகிழ்ச்சி என்பது இதுதான்: வருமானம் 1 சதவீதம் கூடினால் தேவை எத்தனை சதவீதம் கூடும். 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் அவசியப் பொருள். 1-ஐத் தாண்டினால் ஆடம்பரப் பொருள். 0-க்குக் கீழே போனால் வருமானம் ஏறும்போது மக்கள் கைவிடும் பொருள். ‘ஆடம்பரம்’ என்பது இங்கே வெறும் கணக்குச் சொல். வறிய குடும்பத்துக்குப் பாலும் பழமும்கூட அந்த வகையில் வந்துவிடும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குடும்ப நுகர்வு ஆய்வு ஒன்றின் வீடுவாரியான மூலத்தரவு வேண்டும். வெளியிடப்பட்ட சராசரி அட்டவணை போதாது. அதில் அடுக்குகளை நீங்கள் மாற்றி அமைக்கவோ குடும்ப அளவைச் சரிசெய்யவோ முடியாது.

தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, அலகு, மதிப்பு, எங்கிருந்து வந்தது என்ற விவரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் உறுப்பினர்களின் வயதும் பாலினமும், உணவல்லாத செலவுகள், முடிந்தால் வருமானமும் சொத்தும், கணக்கெடுத்த மாதம், பகுதி, மாதிரி எடை (அந்த ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்) ஆகியவை வேண்டும்.

கேள்வித்தாளையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளுக்கு 7 நாள் கேட்டார்கள், எதற்கு 30 நாள் கேட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். தரவுக் கோப்பின் பத்திப் பெயரைப் பார்த்து ஊகித்தால் கட்டாயம் தவறும்.

அடுக்குவாரி அட்டவணை வரை விரிதாள் போதும். அதற்குப் பின் ஆர், பைத்தான், ஸ்டாட்டா போன்ற கணினிக் கருவிகளில் ஏதாவது ஒன்று தேவை.

3. எல்லா வரிகளையும் ஒரே கால அளவுக்கும் ஒரே அலகுக்கும் கொண்டு வாருங்கள்

மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 நாள் நினைவில் கேட்ட பொருளை 30/7-ஆல், அதாவது 4.286-ஆல் பெருக்க வேண்டும். ஓராண்டுக்குக் கேட்டதை 30/365-ஆல் பெருக்க வேண்டும்.

‘மாதத்துக்கு நான்கு வாரம்’ என்று 4-ஆல் பெருக்குவதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை. இதில் 6.7 சதவீதம் குறைந்துவிடும். எல்லாப் பொருளிலும் ஒரே மாதிரி குறைந்தால் பரவாயில்லை. ஆனால் வாரக்கணக்கில் கேட்பது பெரும்பாலும் இறைச்சி, பழம், காய்கறி போன்றவை. மாதக்கணக்கில் கேட்பது தானியம், சர்க்கரை போன்றவை. வசதியானவர்கள் அதிகம் வாங்கும் பக்கம் மட்டும் குறைவதால், அடுக்குகளுக்கு இடையிலான வேறுபாடே திரிந்துவிடுகிறது.

அடுத்தது அலகு. பால் லிட்டரில் இருந்தால் கிலோவாக்க 1.03-ஆல் பெருக்குங்கள். தாவர எண்ணெய்க்கு 0.92. கட்டு, டஜன், எண்ணிக்கை போன்ற அலகுகளுக்கு ஆய்வு நிறுவனமே எடை மாற்றுப் பட்டியல் தந்திருக்கும். அதையே பயன்படுத்துங்கள்.

மாற்றி முடித்ததும் பொருள்வாரியாக மதிப்பை அளவால் வகுத்து அலகு மதிப்பை எடுங்கள். ஒரே பொருளுக்கு அலகு மதிப்பு இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய 1,000 மடங்கு இருந்தால், கிராமும் கிலோவும் கலந்துவிட்டன என்று பொருள். 12 மடங்கு என்றால் டஜனும் எண்ணிக்கையும் கலந்திருக்கின்றன.

4. காசு கொடுக்காமல் வந்த உணவையும் சேருங்கள்

சொந்த விளைச்சல், அன்பளிப்பு, கூலியாகக் கிடைத்தது, இலவசமாகவோ மானிய விலையிலோ கிடைத்தது எல்லாம் நுகர்வுதான். கைப்பணம் கொடுத்து வாங்கியதை மட்டும் கூட்டினால் வறிய குடும்பம் உண்மையில் உண்பதைவிடக் குறைவாக உண்பதாகத் தெரியும். அதனால் நெகிழ்ச்சி செயற்கையாக உயரும்.

சொந்த விளைச்சலுக்கு உற்பத்தி இடத்து விலை, இலவசமாக வந்ததற்கு அதே பகுதியில் மற்றவர்கள் கொடுத்த விலையின் இடைநிலை மதிப்பு என்று ஒரு விதியை வகுத்து, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். மானியப் பொருளுக்கு இரண்டு வழி உண்டு. கொடுத்த காசையே எடுப்பது ஒன்று, சந்தை விலையில் மதிப்பிடுவது மற்றொன்று. நலனை ஒப்பிடுவதற்கு இரண்டாவதே பொருத்தம். எதை எடுத்தாலும் மொத்தச் செலவிலும் அதே மதிப்பைச் சேர்க்க வேண்டும். உணவில் ஒரு மதிப்பு, மொத்தத்தில் வேறு மதிப்பு என்று விட்டுவிட்டால் பங்குகளின் கூட்டுத்தொகை 1 ஆக வராது.

வெளியே சாப்பிடுவதையும் மறக்கக்கூடாது. வருமானம் ஏற ஏற வேகமாகக் கூடும் பகுதி அதுதான். அதை விட்டுவிட்டால் மேல் அடுக்கு உணவைக் குறைத்துக்கொள்வது போன்ற தவறான படம் கிடைக்கும்.

இன்னொரு நுணுக்கம்: வசதியான வீட்டில் வேலையாட்களுக்கும் விருந்தினருக்கும் போட்ட சாப்பாடு அந்த வீட்டின் நுகர்வாகவே பதிவாகிறது. அதைச் சாப்பிட்ட வேலையாளின் வீட்டுக் கணக்கில் அது வருவதில்லை. மேலே மிகையும் கீழே குறையும் ஒரே நேரத்தில் ஏற்படுகின்றன. வழங்கிய சாப்பாடு, வெளியே பெற்ற சாப்பாடு ஆகியவற்றின் எண்ணிக்கை தரவில் இருந்தால், கலோரி கணக்கிடும்போது கட்டாயம் சரிசெய்யுங்கள்.

5. தவறான பதிவுகளைத் திருத்துங்கள், வீட்டையே நீக்காதீர்கள்

ஒவ்வொரு பொருளின் அலகு மதிப்புக்கும் லாக் (இந்த வழிகாட்டியில் எங்கும் இயற்கை மடக்கை) எடுத்து, அந்தப் பகுதியின் சராசரியிலிருந்து 3 திட்ட விலக்கத்துக்கு அப்பால் இருப்பவற்றைக் குறியுங்கள். அலகுக் குழப்பம் என்று உறுதியானால் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் செலவுத் தொகையை அப்படியே வைத்து, அந்தப் பகுதியின் இடைநிலை அலகு மதிப்பால் வகுத்து அளவை மீண்டும் கணக்கிடுங்கள். செலவு செய்த தொகை பொதுவாக நன்றாக நினைவிருக்கும், அளவுதான் குழம்பும்.

ஒரு வரி கெட்டுவிட்டது என்பதற்காக முழு வீட்டையும் தூக்கிவிடக்கூடாது. அதிகப் பொருட்கள் வாங்கும் வீட்டில்தான் ஏதாவது ஒரு வரி கெடும் வாய்ப்பு அதிகம். அப்படி நீக்கிக்கொண்டே போனால் மேல் அடுக்கு மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

காலி இடத்தையும் பூஜ்ஜியத்தையும் பிரித்துப் பாருங்கள். ‘வாங்கவில்லை’ என்பது பூஜ்ஜியம். ‘பதில் இல்லை’ என்பது காலி.

6. வருமானமா, மொத்தச் செலவா

தலைப்பு வருமானம் என்றாலும், குடும்பங்களை வரிசைப்படுத்த மொத்த நுகர்வுச் செலவையே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். வருமானம் மாதத்துக்கு மாதம் ஆடும். அறுவடை மாதத்தில் பணக்காரராகத் தெரியும் குடும்பம் அடுத்த மாதம் ஏழையாகத் தெரியும். சுயதொழில் செய்வோர் வருமானத்தைக் குறைத்தே சொல்வார்கள். சாப்பாடு அந்த மாத வருமானத்தைவிட நீண்டகால வசதியைப் பொறுத்தே அமைவதால், செலவே நம்பகமான அளவுகோல்.

மொத்தச் செலவிலிருந்து வாகனம், பெரிய வீட்டுச் சாதனம், திருமணம், அறுவை சிகிச்சை போன்ற எப்போதாவது வரும் பெரிய தொகைகளை விலக்குங்கள். குளிர்சாதனப் பெட்டி வாங்கிய மாதத்தில் அந்தக் குடும்பம் பணக்கார அடுக்குக்குத் தாவிவிடும், தட்டில் எந்த மாற்றமும் இருக்காது. விளைவு, நெகிழ்ச்சி குறைந்து தெரியும்.

வருமான நெகிழ்ச்சிதான் வேண்டும் என்றால் ஒரு பெருக்கல் போதும்: உணவின் செலவு நெகிழ்ச்சி × வருமானத்துக்கு மொத்தச் செலவின் நெகிழ்ச்சி. முதலாவது 0.6, இரண்டாவது 0.8 என்றால் வருமான நெகிழ்ச்சி 0.48. இந்தப் பெருக்கலை விட்டுவிட்டுச் செலவு நெகிழ்ச்சியை வருமான நெகிழ்ச்சி என்றே எழுதிவிடும் அறிக்கைகள் ஏராளம். மேல் அடுக்கு அதிகம் சேமிப்பதால் அங்கேதான் இடைவெளி பெரிதாகும்.

7. குடும்ப அளவைச் சரிசெய்யுங்கள்

வறிய குடும்பங்களில் பொதுவாகத் தலைகள் அதிகம், குழந்தைகளும் அதிகம். வீட்டு மொத்தத்தை அப்படியே ஒப்பிட்டால் வருமானத்தின் விளைவும் குடும்ப அளவின் விளைவும் கலந்துவிடும்.

எளிய வழி தலைக்கு வகுப்பது. அதைவிட நல்லது, பெரியவருக்கு இணையான எண்ணிக்கையால் வகுப்பது. இதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) திருத்திய அளவுகோலில் முதல் பெரியவர் 1, அடுத்த ஒவ்வொரு பெரியவரும் 0.5, குழந்தை 0.3. இரண்டு பெரியவரும் நான்கு குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அது 2.7. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுக்கும் அளவுகோலில் 2.45. தலைக்கணக்கில் 6.

இந்த இடத்தில் கவனம் தேவை. மேலே சொன்ன அளவுகோல்கள் வீட்டு வாடகை, விளக்கு, சாதனம் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும் மொத்த வருமானத்துக்காக உருவானவை. ஒரு விளக்கின் வெளிச்சத்தை ஆறு பேர் பகிரலாம், ஒருவர் உண்ட சோற்றை இன்னொருவர் உண்ண முடியாது. எனவே உணவின் அளவுக்கும் கலோரிக்கும் வயது, பாலினம் வாரியான ஆற்றல் தேவையை வைத்து எடை கொடுங்கள். அடுக்கு பிரிப்பதற்குத் தலைக்கணக்கு அல்லது மேற்சொன்ன அளவுகோல்களில் ஒன்றை எடுத்து, மற்றொன்றிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடிவு தலைகீழாக மாறினால் அதை வாசகரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

8. அடுக்குகளாகப் பிரியுங்கள்

ஒவ்வொருவருக்குமான மொத்தச் செலவை முதலில் பகுதிவாரி விலைக் குறியீட்டால் வகுத்துவிடுங்கள். விலை அதிகமான நகரத்தில் இருப்பதாலேயே ஒருவர் மேல் அடுக்குக்குப் போய்விடக்கூடாது.

பிறகு ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் மக்கள்தொகையில் 20 சதவீதம் வரும்படி வெட்டுங்கள். வெட்டும்போது எடை என்பது வீட்டின் மாதிரி எடை × உறுப்பினர் எண்ணிக்கை. மாதிரி எடை இல்லாமல் மாதிரி வீடுகளை ஐந்தாகப் பிரித்தால், ஆய்வில் வேண்டுமென்றே அதிகம் எடுக்கப்பட்ட வகைக் குடும்பங்கள் முடிவை இழுத்துக்கொண்டு போகும். உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்காவிட்டால் கீழ் அடுக்கில் 20 சதவீத வீடுகள் இருக்கும், ஆனால் மக்கள் 20 சதவீதத்தைவிடக் கூடுதலாக இருப்பார்கள்.

9. முதல் அட்டவணையும் கைக்கணக்கும்

எந்த மாடலுக்கும் முன் இந்த அட்டவணையைப் போட்டுவிடுங்கள். பின்னால் வரும் எண்களெல்லாம் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

உதாரணமாக, கடைசி அடுக்கில், அதாவது மிக வறிய 20 சதவீதத்தில், தலைக்கு மாத மொத்தச் செலவு 100 அலகு பணம், உணவு 55. மேல் அடுக்கில் மொத்தம் 400, உணவு 140. உணவின் பங்கு 55 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக இறங்குகிறது. தொகையோ இரண்டரை மடங்காகிறது. பங்கு குறைவதைப் பார்த்து ‘பணக்காரர் உணவுக்குக் குறைவாகச் செலவிடுகிறார்’ என்று எழுதுவது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை.

சராசரி நெகிழ்ச்சி = லாக்(140/55) ÷ லாக்(400/100) = 0.934 ÷ 1.386 = 0.67.

இதே எண்களில் பங்கை மொத்தச் செலவின் லாக்கோடு ஒரு நேர்கோட்டில் பொருத்தினால் சரிவு −0.20 ÷ 1.386 = −0.144. ஓர் அடுக்கின் நெகிழ்ச்சி = 1 + சரிவு ÷ அந்த அடுக்கின் பங்கு. கடைசி அடுக்குக்கு 0.74, மேல் அடுக்குக்கு 0.59. கையில் கிடைத்த 0.67 இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு பெருக்கல் தவறியிருக்கிறது.

10. தொகையை அளவாகவும் தரமாகவும் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் தானியத் தேவையைக் கண்டபடி மிகைப்படுத்துகிறார்கள். வருமானம் ஏறும்போது மக்கள் அதே பொருளில் விலை கூடிய ரகத்துக்கும், சுத்தம் செய்து பொட்டலமிட்டதற்கும் மாறுகிறார்கள். செலவு ஏறும், கிலோ ஏறாது.

கடைசி அடுக்கு தலைக்கு 10 கிலோ தானியத்துக்கு 15 அலகு கொடுக்கிறது. மேல் அடுக்கு 10.5 கிலோவுக்கு 21 அலகு கொடுக்கிறது. கிலோவுக்கு 1.5 என்பது 2.0 ஆகிறது. மேலே உள்ள அதே 1.386-ஆல் வகுத்தால்:

தொகையின் நெகிழ்ச்சி 0.24. அளவின் நெகிழ்ச்சி 0.04. அலகு மதிப்பின் நெகிழ்ச்சி, அதாவது தரத்தின் நெகிழ்ச்சி, 0.21. பின்னிரண்டின் கூட்டுத்தொகை முதலாவதற்குச் சமம். ஓரிலக்க வேறுபாடு முழுமையாக்குவதால் வருவது.

0.24-ஐ எடுத்து வயல் பரப்பைத் திட்டமிட்டால் வருமானத்தால் கூடும் தேவையை ஆறு ஏழு மடங்கு மிகையாகக் கணிக்கிறீர்கள். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ஆலைக்கும் பொட்டலத்துக்கும் கடைக்கும் போகிறது.

பொருட்களை அதிகமாகத் தொகுத்தாலும் இதே சிக்கல் பெரிதாகும். ‘இறைச்சி’ என்ற ஒரே குழுவுக்குள் மலிவான வகையும் விலை உயர்ந்த வகையும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் தரம் என்ற பெயரில் வந்துவிடும். முடிந்தவரை நுண்ணிய வகையில் கணக்கிட்டுப் பிறகு கூட்டுங்கள்.

11. எங்கெல் வளைகோட்டை முதலில் வரையுங்கள், பிறகு பொருத்துங்கள்

எங்கெல் வளைகோடு என்பது வசதி ஏற ஏற ஒரு பொருளின் தேவை எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடு. கிடை அச்சில் மொத்தச் செலவின் லாக், நிலை அச்சில் பொருளின் பங்கு. முதலில் எந்தச் சூத்திரமும் இல்லாமல், லோவெஸ் போன்ற மென்மையாக்கும் முறையில் வளைகோட்டை வரைந்து பாருங்கள். அதன் வடிவத்தைப் பார்த்தபிறகே மாடலை முடிவுசெய்யுங்கள்.

நேர்கோடாக இருந்தால் வொர்க்கிங்–லேசர் வடிவம் போதும்: பங்கு = மாறிலி + சரிவு × லாக்(தலைக்கான மொத்தச் செலவு) + குடும்ப அளவின் லாக் + வயதுப் பிரிவுகளின் விகிதம் + பகுதி + மாதம். பகுதியும் மாதமும் விலை வேறுபாட்டை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். எல்லாப் பொருளுக்கும் இதே சமன்பாட்டை ஓட்டினால் சரிவுகளின் கூட்டுத்தொகை தானாகவே 0 ஆகும். இரு பக்கமும் லாக் எடுக்கும் வடிவத்துக்கு இந்த ஒழுங்கு கிடையாது, பூஜ்ஜியச் செலவுள்ள வீடுகளையும் அது உதறிவிடும்.

வளைகோடு கூனல் விழுந்திருந்தால் லாக்கின் வர்க்கத்தையும் சேர்க்க வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். இறைச்சியின் பங்கு கடைசி அடுக்கில் 4, நடு அடுக்கில் 8, மேல் அடுக்கில் 7 சதவீதம் என்றும், மொத்தச் செலவு முறையே 100, 180, 400 என்றும் வைத்துக்கொள்வோம். தொகை 4, 14.4, 28. கடைசியிலிருந்து நடு வரை நெகிழ்ச்சி 2.18. நடுவிலிருந்து மேல் வரை 0.83. ஒரே தாவலாகக் கணக்கிட்டால் 1.40. அந்த 1.40 எந்த அடுக்கின் நடத்தையும் அல்ல. வறியவருக்கு எட்டாக்கனியாக இருந்த பொருள் வசதியானவருக்கு அன்றாடப் பொருளாகிவிட்ட இந்தத் திருப்பத்தை நேர்கோடு மறைத்துவிடுகிறது.

வர்க்கம் சேர்த்தபின் நெகிழ்ச்சி = 1 + (முதல் கெழு + 2 × வர்க்கத்தின் கெழு × லாக் மொத்தச் செலவு) ÷ பங்கு. இதை ஒவ்வோர் அடுக்கின் சராசரியிலும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். மொத்தச் சராசரியில் ஒரே எண்ணைத் தந்துவிட்டு நிறுத்தினால், இந்த வேலையைத் தொடங்கியதற்கே அர்த்தமில்லை.

திட்டப்பிழையைக் கணக்கெடுப்புக் கொத்துவாரியாக எடுங்கள். ஒரே தெருவில் எடுத்த வீடுகள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் துல்லியம் பொய்யாகக் கூடித் தெரியும்.

12. பூஜ்ஜியங்களை என்ன செய்வது

7 நாள் கேள்வியில் ஒரு வீடு இறைச்சிக்குப் பூஜ்ஜியம் சொன்னால் மூன்று காரணம் இருக்கலாம். அந்த வாரம் வாங்கவில்லை, கட்டுப்படியாகவில்லை, எப்போதுமே உண்பதில்லை.

சராசரித் தேவை மட்டும் வேண்டும் என்றால் பூஜ்ஜியங்களை அப்படியே வைத்துப் பங்குச் சமன்பாட்டை ஓட்டுங்கள். ஒரு வாரம் வாங்காத வீட்டுக்கு எதிராக, அதே வாரம் மொத்தமாக வாங்கிவைத்த வீடும் இருக்கும். சராசரியில் சரியாகிவிடும். வாங்கியவர்களை மட்டும் எடுப்பதுதான் தவறு. கீழ் அடுக்கில் அன்று வாங்க முடிந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, வறியவரும் ஏறக்குறைய அதே அளவு உண்கிறார் என்று சொல்லிவிடுவோம்.

யார் வாங்கத் தொடங்குகிறார், வாங்குபவர் எவ்வளவு வாங்குகிறார் என்று பிரித்தறிய வேண்டுமானால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்: வாங்கும் வாய்ப்புக்கு ஒரு சமன்பாடு, வாங்கியவரின் அளவுக்கு ஒன்று. பூஜ்ஜியத்தையும் வாங்கிய அளவையும் ஒரே சமன்பாட்டில் கையாளும் டோபிட் மாடலுக்கு உடனே தாவ வேண்டாம். இரண்டு முடிவையும் ஒரே காரணிகள் ஒரே திசையில் இயக்குகின்றன என்று அது கருதுகிறது. மதம், வழக்கம், ஒவ்வாமை காரணமாக ஒருபோதும் உண்ணாதவருக்கு அது பொருந்தாது.

13. மொத்தச் செலவுக்குள்ளேயே உணவு இருப்பதால் வரும் திரிபு

உணவை மிகையாகச் சொன்ன வீட்டில் மொத்தச் செலவும் மிகையாகும். இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் இல்லாத தொடர்பு ஒன்று முளைக்கும். உணவல்லாத செலவில் உள்ள பிழையோ நெகிழ்ச்சியைக் கீழே இழுக்கும். எது வெல்லும் என்பது தரவைப் பொறுத்தது.

வருமானமோ சொத்தோ தரவில் இருந்தால் அதை மொத்தச் செலவுக்குக் கருவி மாறியாக, அதாவது பதிவுப் பிழை கலக்காத ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுக்க உதவும் மாறியாக, பயன்படுத்துங்கள். இரண்டும் இல்லையென்றால் உணவல்லாத செலவையே கருவியாக்கி ஒருமுறை ஓட்டலாம். அது பொதுவாகக் குறைத்துக் காட்டும், சாதாரண முறை மிகைப்படுத்தும். குறிப்பாகக் கலோரிக்கு, இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத் தந்தால் உண்மை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று வாசகருக்குப் புரியும்.

14. கலோரி கணக்கு

அளவை உணவுச் சத்து அட்டவணையின் எண்ணால் பெருக்குங்கள். தானியம் கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி, சர்க்கரை சுமார் 4,000, எண்ணெய் சுமார் 9,000. எலும்பு, தோல், கொட்டை போக உண்ணும் பகுதியை மட்டுமே எடுங்கள்.

மேல் உதாரணத்தில் 55 அலகு உணவு நாளைக்கு 2,000 கிலோகலோரி தருகிறது, 140 அலகு உணவு 2,400 தருகிறது என்றால், கலோரி நெகிழ்ச்சி லாக்(1.2) ÷ 1.386 = 0.13. மீதி 0.54, ஒரு கலோரிக்குக் கொடுக்கும் விலை கூடுவதற்குப் போகிறது. பணம் கிடைத்தும் கலோரி ஏறவில்லை என்றால் பசி தீர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். கடும் உடலுழைப்பு குறைந்தால் ஆற்றல் தேவையே குறையும். புரதம், இரும்பு, வைட்டமின் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அவை வருமானத்தோடு வேறு வேகத்தில் நகரும்.

15. விலை ஏறினால் யாருக்கு எவ்வளவு அடி

விலைக் கேள்வி இல்லையென்றால் இந்தப் பகுதிக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. இருந்தால் ஏயிட்ஸ் (AIDS, Almost Ideal Demand System) அல்லது அதன் இருபடி வடிவமான குவெயிட்ஸ் (QUAIDS) போன்ற, எல்லாப் பொருட்களின் தேவையையும் சேர்த்துக் கணக்கிடும் தேவைத் தொகுதி மாடல் வேண்டும். வளைகோடு கூனலாக இருந்தால் இரண்டாவதே பொருத்தம்.

வீட்டின் அலகு மதிப்பை விலையாகப் பயன்படுத்தாதீர்கள். 10-ஆம் படியில் பார்த்தபடி அதற்குள் தரம் கலந்திருக்கிறது. கொத்து அல்லது பகுதியின் இடைநிலை மதிப்பையாவது எடுங்கள். தனியாகச் சேகரித்த சந்தை விலை கிடைத்தால் இன்னும் நல்லது.

வறியவர் விலைக்கு அதிகம் அசைவதன் காரணம் ஒரு சிறு கணக்கில் தெரியும். விலை 1 சதவீதம் ஏறினால் வரும் முழு விளைவு = ஈடுசெய்த விளைவு − பங்கு × செலவு நெகிழ்ச்சி. ஈடுசெய்த விளைவு என்பது வாங்கும் சக்தி குறையாதபடி ஈடுசெய்தாலும் தேவை எவ்வளவு மாறும் என்பது. இரு குடும்பங்களுக்கும் ஈடுசெய்த விளைவு −0.30 என்று வையுங்கள். வறியவருக்குத் தானியத்தின் பங்கு 0.30, நெகிழ்ச்சி 0.6: முழு விளைவு −0.48. வசதியானவருக்குப் பங்கு 0.05, நெகிழ்ச்சி 0.2: −0.31. ருசியும் மாற்றுப்பொருளும் ஒன்றாகவே இருந்தாலும், விலையேற்றம் வறியவரின் பையிலிருந்து பெரிய துண்டை எடுத்துவிடுவதால் அவர் தட்டு அதிகமாகச் சுருங்குகிறது.

16. முன்கணிப்புக்குப் பயன்படுத்தும்போது

எளிய சூத்திரம்: தேவை வளர்ச்சி = மக்கள்தொகை வளர்ச்சி + நெகிழ்ச்சி × தலைக்கான வருமான வளர்ச்சி. மக்கள்தொகை 1 சதவீதம், வருமானம் 4 சதவீதம், நெகிழ்ச்சி 0.5 என்றால் தேவை சுமார் 3 சதவீதம் வளரும். சிறிய காலத்துக்கு இது போதும்.

அடுக்குவாரி எண்கள் கையில் இருக்கும்போது அவற்றையே பயன்படுத்துங்கள். மொத்தப் பாலில் 20 சதவீதத்தைக் கீழ்ப் பாதியினரும் 80 சதவீதத்தை மேல் பாதியினரும் குடிக்கிறார்கள், நெகிழ்ச்சி முறையே 1.2, 0.4 என்போம். எல்லோர் வருமானமும் 5 சதவீதம் ஏறினால் தேவை 0.2 × 6 + 0.8 × 2 = 2.8 சதவீதம் வளரும். மக்கள் எண்ணிக்கை சமம் என்று இரண்டு நெகிழ்ச்சியையும் பாதிப்பாதியாகச் சராசரி எடுத்தால் 0.8 × 5 = 4 சதவீதம் வரும். அது தவறு. எடை என்பது நுகர்வில் உள்ள பங்கு, தலை எண்ணிக்கை அல்ல.

கூடுதல் வருமானம் யாருக்குப் போகிறது என்பதும் கணக்கை மாற்றும். வளர்ச்சி கீழே சென்றால் பாலும் முட்டையும் பழமும் ஏறும், மேலே நின்றுவிட்டால் வெளியே சாப்பிடுவதும் பொட்டலப் பொருளும் ஏறும்.

பத்து, இருபது ஆண்டு முன்கணிப்புக்கு ஒரே நெகிழ்ச்சியை நீட்டக்கூடாது. கடைசி அடுக்கு நடு அடுக்காகும்போது நடு அடுக்கின் நெகிழ்ச்சிக்கு மாற வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: இன்று நடு அடுக்கில் இருப்பவரைப் போலவே நாளை அங்கே வருபவரும் உண்பார் என்று கருதுகிறோம். விலையும் கடைகளும் பழக்கமும் மாறும் இடத்தில் அந்தக் கருதுகோள் ஆட்டம் காணும்.

17. வெளியிடும் முன் சரிபார்க்க வேண்டியவை

எல்லாப் பொருட்களின் பங்கும் கூடினால் 1. பங்கு × நெகிழ்ச்சியின் கூட்டுத்தொகையும் 1, உணவல்லாதவற்றையும் சேர்த்து. உணவுக் குழுக்களின் நெகிழ்ச்சியை உணவுக்குள் அவற்றுக்குள்ள பங்கால் எடையிட்டுக் கூட்டினால் மொத்த உணவின் நெகிழ்ச்சி வர வேண்டும்.

கடைசி அடுக்கில் நாளைக்கு 1,000-க்கும் குறைவான கிலோகலோரி சராசரியாக வந்தால் அதைப் பட்டினி என்று எழுதுவதற்கு முன் 3, 4-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். இலவச உணவோ வெளிச்சாப்பாடோ விடுபட்டிருக்க அதிக வாய்ப்பு.

ஒவ்வொரு நெகிழ்ச்சிக்குப் பக்கத்திலும் நான்கு விவரம் எழுதுங்கள்: எது எதற்கு என்ற விளக்கம், அதாவது தொகையா அளவா, வருமானத்துக்கா மொத்தச் செலவுக்கா, எந்த அடுக்கில், எந்தக் குடும்ப அளவுகோலில், நம்பக இடைவெளி எவ்வளவு. இந்த நான்கும் இல்லாமல் ‘உணவின் நெகிழ்ச்சி 0.6’ என்று மட்டும் எழுதினால், அடுத்து எடுப்பவர் அதைக் கிலோவாகக் கொள்வாரா காசாகக் கொள்வாரா என்று உங்களுக்குத் தெரியாது.